புழுவுக்குக் கல்லீரல் கிடையாது

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை 'ஹெ ஷோ வூ' என்ற சீன மூலிகை கேப்சூல் ஒரு டப்பா கொடுத்தார். நரை கறுக்குமாம், முதுமை தள்ளிப்போகுமாம். புழுவுக்குக் கொடுத்து ஆயுள் கூடியதாக ஆராய்ச்சியே இருக்கிறதாம். எனக்கு 66 வயது, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன். "போகரே சீனா போய் வந்தவர்தானே, நம்ம மூலிகை மாதிரிதான்" என்கிறாள் மனைவி. சாப்பிடலாமா மேடம்?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: டப்பாவைத் திறந்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லையே சார். திறந்திருந்தால் மூடி வையுங்கள்.

புழு ஆராய்ச்சி பொய்யில்லை. இதே பெங்களூரில் பல வருடம் அந்தப் புழுவை வளர்த்தவள் நான். சி. எலிகன்ஸ் என்று பெயர், ஒரு மில்லிமீட்டர் நீளம். 20 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் வாழ்ந்து முடித்துவிடும். மனிதரை வைத்துப் பார்க்க ஆரம்பித்தால் ஆராய்ச்சி செய்பவர் முதலில் போய்ச் சேர்ந்துவிடுவாரே! தினமும் காலையில் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, குச்சி முனையில் ஒட்டிய இமைமுடியால் ஒவ்வொரு புழுவின் தலையையும் லேசாகத் தொடுவேன். அசைந்தால் உயிரோடு இருக்கிறது. திரும்பத் திரும்பத் தொட்டும் அசையாவிட்டால் நோட்டில் ஒரு கோடு. ஒரு ஏப்ரலில் கரண்ட் போய், புழுக்களை வைத்திருந்த குளிர்பெட்டி சூடேறி, எல்லாம் நாள் முந்தியே கோடாகிவிட்டன. வெப்பம் கூடினாலே அதற்கு ஆயுள் குறைவு. அப்புறம், மருந்து பிடிக்காமல் தீனியைக் குறைத்துக்கொண்டாலும் ஆயுள் கூடும். கூட்டியது மூலிகையா, அரைப்பட்டினியா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, கூடியது மூலிகையால்தான் என்றே வைத்துக்கொள்வோம். புழுவுக்குக் கல்லீரல் கிடையாது சார், உங்களுக்கு உண்டு. ஹெ ஷோ வூ என்பது ஒரு செடியின் கிழங்கு, அது படுத்துவது கல்லீரலைத்தான். இதைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்து படுத்தவர்களைப் பற்றி சீன, கொரிய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள், இறந்தவர்களும் உண்டு. உங்கள் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் வேலை அதே கல்லீரலில்தான். நரை கறுக்கும் என்பதோ, ஹெ என்ற ஒருவரின் தலை கறுத்ததாகச் சொல்லும் பழங்கதை. பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

சீன மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்காதீர்கள். மூலிகையிலிருந்து எடுத்த மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்காக சீன விஞ்ஞானி து யூயூ 2015இல் நோபல் பரிசு வாங்கினார். தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் பழைய ஏட்டு வரியைப் படித்து, சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஈதர் என்ற திரவத்தில் குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தவர். நோயாளிக்குக் கொடுக்கும் முன் தாமே விழுங்கிப் பார்த்தார். ஆனால் காய்ச்சல் இறங்கியதா என்பது சில நாளில் தெரிந்துவிடும். முதுமை தள்ளிப்போனதா என்று நீங்கள் எதை வைத்துப் பார்ப்பீர்கள்?

வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: போகர் செய்ததாகச் சொல்லும் நவபாஷாணத்தையும் நாம் கும்பிடத்தான் செய்கிறோம், கேப்சூலில் போட்டு விழுங்குவதில்லை.

ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள், கல்லீரல் நிலையைக் காட்டும் எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.