வாசகர் கேள்வி: பென்சில் காட்டில் பனி எப்படி வரும்?

கேள்வி: மார்கழிக் காலையில் அமிர்தி காட்டில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஏ3 தாளில் பென்சிலால் வரைந்து, படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இலை இலையாகப் போட்டும் தட்டையாகவே இருக்கிறது, பனியும் குளிரும் வரவில்லை. இதற்கு கலர்தான் வேண்டுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கலர் வேண்டாம். உங்கள் கை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் மூங்கிலும் பின்னால் இருக்கும் ஜவ்வாது மலையும் ஒரே அழுத்தத்தில், ஒரே கூர்மையில் நிற்கின்றன, அதனால் கண் உள்ளே போக வழியில்லாமல் தாளின் மேலேயே நின்றுவிடுகிறது. நமக்கும் தூரத்து மலைக்கும் நடுவே இருக்கும் காற்று, ஈரம், தூசி எல்லாம் ஒளியைச் சிதறடிப்பதால் அங்கே கறுப்பு வெளிறும், விளிம்பும் மங்கும். கலரில் வரைபவர் தூரத்துக்கு நீலம் தீட்டிச் சமாளிக்கலாம். நம்மிடம் இருப்பது கறுப்பின் அளவும் விளிம்பின் கூர்மையும்தான், படத்தின் உணர்வு முழுக்க அந்த இரண்டில்தான் இருக்கிறது.

கண்ணை இடுக்கி அந்த போட்டோவைப் பாருங்கள். இலைகள் மறைந்து மூன்று நான்கு திட்டுகள் மட்டும் தெரியும், முதலில் அவற்றை உள்ளங்கை அளவு தாளில் போட்டுப் பழகுங்கள். மலைக்கு 2எச் (வெளிறிய கோடு தரும் கடினமான பென்சில்) போதும், நடு மரங்களுக்கு 2பி (கறுப்பான கோடு தரும் மென்மையான பென்சில்). மிக ஆழமான கறுப்பை முன்னால் இருக்கும் ஒரே ஒரு அடிமரத்துக்கு மட்டும் வையுங்கள். அதற்கு இன்னும் மென்மையான 8பி பென்சில் எடுக்காதீர்கள், எவ்வளவு அழுத்தினாலும் பளபளக்குமே தவிர முழுக் கறுப்பு வராது. சார்கோல்தான் (வரைவதற்கான கரிக்குச்சி) சரி, அதையும் பென்சிலுக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஏனென்றால் பென்சில் ஏறிய வழவழப்பில் சார்கோல் ஒட்டாது.

அப்புறம் பனி. வில்லோ சார்கோலை (வில்லோ மரக்குச்சியைக் கரியாக்கிச் செய்த மென்மையான கரிக்குச்சி) லேசாகப் பரப்பி, பஞ்சால் தடவி, நீடட் ரப்பரால் (மாவு போலப் பிசையக்கூடிய அழிப்பான்) ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் தாள் பாழாகும். பனிக்குள் நிற்கும் மரத்தின் அடியைத் தரையோடு சேர்க்காமல் அப்படியே கரைய விடுங்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜப்பானிய ஓவியர் ஹசெகவா தொஹாகு 16ஆம் நூற்றாண்டில் வெறும் கறுப்பு மையில் தீட்டிய பைன் மரத் திரைகள் இருக்கின்றன, நெட்டில் தேடிப் பாருங்கள். பெரும்பகுதி வெறும் தாள்தான், ஆனால் அவ்வளவும் மூடுபனியாகத் தெரியும்! எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

முடித்ததும் ஒரு அடி தள்ளிப் பிடித்து ஃபிக்ஸேடிவ் (கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) லேசாக அடியுங்கள். ஹேர் ஸ்ப்ரே வேண்டாம், நாளாக ஆகத் தாள் மஞ்சளாகிவிடும்.