பெருங்கூட்டத்தில் நிற்கும்போது யாரும் தள்ளாமலே உடம்பு தானாக ஒரு பக்கம் நகர்கிறதே, இதற்கு இயற்பியலில் விளக்கம் உண்டா?

உண்டு. நிஜக் கூட்டத்தையே அளந்து பார்த்து, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அளந்த இடம் ஸ்பெயினின் பம்ப்லோனா. சான் ஃபெர்மின் திருவிழாவில் தெருவில் காளைகளை ஓடவிட்டு அவற்றின் முன்னால் ஆட்கள் ஓடுவார்களே, அந்த ஊர். ஜூலை 6-ம் தேதி நண்பகலில் விழா தொடங்கும்போது நகர மன்றத்தின் எதிரே இருக்கும் சின்ன சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து அடைந்துவிடுவார்கள். பிரான்சின் லியோனில் இருக்கும் டெனி பார்த்தோலோவின் குழு அதை உயரத்திலிருந்து பல ஆண்டுகள் படம் பிடித்தது.

நான் காரைக்குடியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அம்மா ஊர் சிராவயல் பக்கம். தை பிறந்தால் மஞ்சுவிரட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. அதனால் காளைத் திருவிழாக் கூட்டத்தைப் பற்றிய இந்த ஆய்வை விடாமல் வரிவரியாகப் படித்தேன்.

அவர்கள் ஒவ்வொரு ஆளாகப் பின்தொடரவில்லை. ஆற்று வெள்ளத்தை அளப்பதுபோல, எந்த இடம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று பார்த்தார்கள். கூட்டம் தளர்வாக இருக்கும்வரை அசைவுகளில் ஒழுங்கே இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு, அதாவது மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி இடத்தில், ஏறத்தாழ 4 பேரைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒரே கட்டியாக மெல்ல வட்டமடிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி. சில கட்டிகள் வலமாகவும் சில இடமாகவும் சுற்றுகின்றன. யாரும் சைகை காட்டவில்லை, வெளியிலிருந்து தள்ளவும் இல்லை. இவ்வளவு மெதுவாக நடப்பதால் உள்ளே நிற்பவருக்குத் தான் வட்டமடிப்பது புரியாது. இந்தப் பக்கம் இழுக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் இழுக்கிறது என்று மட்டும் தோன்றும். நீங்கள் கேட்டிருப்பது அனேகமாக இதைத்தான்.

ஏன் இப்படி? ஒரு டம்ளர் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தூசு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அதை உதைப்பதும் நீர் மூலக்கூறுகள், ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவதும் அதே மூலக்கூறுகள். உதைக்கும் இழுவைக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கை 1905-ல் ஐன்ஸ்டைன் போட்டுக் காட்டினார். வெப்பச் சமநிலையில் இருக்கும் வரை கணக்கு பிசகாது. ஆனால் தூசுக்குப் பதில் பாக்டீரியாவை விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அது தின்றதைச் செலவழித்துத் தானே நீந்துகிறது. இப்படி ஒவ்வொரு துகளும் தன் கையிருப்பு ஆற்றலைச் செலவழித்து நகரும் கூட்டத்தைத்தான் ஆக்டிவ் மேட்டர் என்கிறார்கள். மீன் கூட்டம், பறவைக் கூட்டம், நம் உடம்பில் காயம் ஆற நகரும் செல்கள் எல்லாமே இதில் சேரும். தேர் பார்க்க நிற்கும் நாமும் சேர்த்தி.

இந்த வகைப் பொருள்கள் நாம் பழகிய திரவங்களைப்போல நடந்துகொள்வதில்லை. 2015-ல் பிரான்சில் ஈ.கோலை பாக்டீரியா நிறைந்த திரவம் ஒன்றின் பாகுத்தன்மையை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் பிசுபிசுப்பை, அளந்தார்கள். அது கிட்டத்தட்டச் சுழியத்துக்கே இறங்கிவிட்டது. திரவத்தை நகர்த்த நாம் கொடுக்க வேண்டிய விசையைப் பாக்டீரியாக்களே கொடுத்துவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. ஸ்ரீராம் ராமசாமி, அஜய் சூட் குழுவினர் 2014-ல் வெளியிட்டது. அதிரும் தட்டு ஒன்று. அதில் நிறைய அலுமினிய மணிகள், நடுநடுவே ஒரு முனை மெலிந்த சின்னச் சின்னப் பித்தளைக் குச்சிகள். அதிர்வில் மணிகள் சும்மா குதிக்கும். குச்சிகளோ வடிவம் சீராக இல்லாததால் ஒரே பக்கம் ஊர்ந்து போகும். குச்சிகள் ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லை. ஒரு குச்சி இழுத்துவிட்ட மணிகளின் ஓட்டம் தூரத்துக் குச்சியையும் தன் பக்கம் திருப்புகிறது. போதிய மணிகள் இருந்துவிட்டால், குச்சிகள் கொஞ்சமாக இருந்தாலும் எல்லாம் ஒரே திசையில் ஊர்வலம் கிளம்பிவிடும். தானாக நகராத மணிகளும் கூடவே போகும். உயிர் இல்லை, மூளை இல்லை, வெறும் உலோகம். இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பம்ப்லோனாவுக்கு வருவோம். நெருக்கத்தில் நிற்கும் மனிதர் காலை ஊன்றித் தள்ளுகிறார். அந்த விசையும் உடம்பு உண்மையில் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டம் நகரும் திசைக்குக் குறுக்காகவும் ஒரு விசை பிறக்கிறது. நகர்வு விசையைப் பாதிக்கும் விதமும், விசை நகர்வைப் பாதிக்கும் விதமும் சமமில்லை. இப்படி ஒருதலையான உறவு இருந்தால் ஒரு கட்டத்தில் சுழற்சி தானே பிறக்கும் என்று விட்டெல்லி என்ற இயற்பியலாளர் முதலானோர் 2021-ல் கோட்பாடாகக் காட்டியிருந்தார்கள். கூட்டத்திலும் அதேதான். அடர்த்தி எல்லை மீறியதும், நாலு பக்கமும் அடைபட்ட இடத்தில் கூட்டம் சுழலத் தொடங்குகிறது.

அடைபட்ட இடம் என்பது முக்கியம். சிராவயல் பொட்டலில் மாடு பாய்ந்து வந்தால் கூட்டம் சட்டென்று இரண்டாகப் பிளந்து, மாடு போனதும் மூடிக்கொள்ளும். அங்கே ஒவ்வொருவருக்கும் தன் காலில் தனக்கு அதிகாரம் இருக்கிறது. மாடுகளை அவிழ்த்துவிடும் தொழுப் பக்கம் தடுப்போரம் நின்று பாருங்கள். கால் தரையில்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் கால் அல்ல. சட்டைப் பையில் இருக்கும் போனை எடுக்கக் கை இறங்காது. அப்படி ஒருமுறை நான் திமிறியபோது மாமா பின்னாலிருந்து சொன்னார்: "எதுத்து நிக்காத மாப்ளே, சாஞ்சு குடு. ஆட்டம் நிக்கிறப்ப ஓரமா நழுவிரு." இன்று கூட்டப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வதும் இதுதான்: அலையை எதிர்க்காதே, கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வை, கீழே விழுந்ததை எடுக்கக் குனியாதே, அலை ஓயும்போது குறுக்காக வெளியேறு.

நெரிசலில் பலர் சாவது மிதிபட்டு அல்ல. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துப் போகிறார்கள். அதனால்தான் 'முண்டியடித்ததால் விபரீதம்' என்று செய்தியில் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியவே தெரியாது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 2010 ஜூலை 24 அன்று லவ் பரேட் விழாவில் 21 பேர் இறந்தார்கள். அதன் கண்காணிப்பு கேமரா பதிவுகளை இதே குழு எடுத்துப் பார்த்தது. விபரீதம் தொடங்கிய வேளையில் அங்கேயும் இதே சுழல் ஆட்டம். அப்படியென்றால் ஆட்டம் தெரிந்த உடனேயே உள்ளே வருவதை நிறுத்தி வெளிவழியைத் திறந்துவிட முடியும். இதற்கு யார் முகமும் அடையாளம் தெரிய வேண்டாம். அசைவு தெரிந்தால் போதும்.

பிள்ளையார்பட்டி சதுர்த்தித் தேர், குன்றக்குடி பங்குனி உத்திரம், சிராவயல் மஞ்சுவிரட்டு என்று நம் பக்கம் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேலிருந்து படம் பிடிக்க இப்போது ட்ரோனும் வந்துவிட்டது. என் மாணவர்களோடு சேர்ந்து அந்த அசைவுகளை அளந்து பார்க்க விரும்புகிறேன். உங்களிடம் அப்படிப் பதிவு இருந்தால் கருத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அரை நிமிடத் துண்டு உதவாது, அதில் இரண்டு சுற்றுகூட முடிந்திருக்காது. கேமரா ஆடாமல், வெட்டி ஒட்டாமல், குறைந்தது ஐந்து நிமிடம் ஒரே இடத்தைக் காட்டும் பதிவாக இருக்க வேண்டும்.