பாத்ரூமில் தண்ணீர் மேலே வருகிறதா? செப்டிக் டேங்க் கேள்வி பதில்

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அப்போது உள்ளே வந்த ஊர்களிலும் அவற்றைத் தாண்டியுள்ள ஊராட்சிகளிலும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். கழிவுநீர் வேலையிலேயே பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில், மழைக்கு முன்னால் நம் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

மடிப்பாக்கம்: சார், மாடியில் ஃபிளஷ் பண்ணினால் கீழ் பாத்ரூமில் நானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. டேங்க் நிரம்பிவிட்டது, லாரி கூப்பிடுங்கள் என்கிறார் பிளம்பர். லாரி வைத்து எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது.

ஆறு மாதத்தில் ஒரு குடும்பத்தின் கசடு டேங்கை அடைக்காது. லாரிக்குப் பணம் கொடுக்கும் முன் அடைப்பு எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒன்று. செப்டிக் டேங்க் எப்போதுமே நிறைந்துதான் இருக்கும், அதன் வேலையே அப்படி. ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போனால் ஒரு வாளி மறுபக்கக் குழாய் வழியாக, நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போகும். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் சோப்பும் மேலே ஏடு கட்டும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். அதனால் மூடியைத் திறந்து ‘ஃபுல்லா இருக்கு’ என்று யார் சொன்னாலும் அது நோயைக் கண்டுபிடித்ததாகாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு சேம்பர், அதாவது மூடி போட்ட சிறு தொட்டி இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மாடியில் ஃபிளஷ் பண்ணச் சொல்லுங்கள். பாத்ரூமில் தண்ணீர் நிற்கிறது, சேம்பரோ காய்ந்து கிடக்கிறது என்றால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையில். பிளம்பர் ராடு விட்டுக் குத்தினால் ஒரு மணி நேர வேலை. பெரும்பாலும் நாப்கின், ஈரத்துணி வைப்ஸ், தலைமுடி இதில் ஏதாவது ஒன்றுதான் வெளியே வரும்.

சேம்பரும் தளும்பி நின்றால் டேங்கைப் பார்க்க வேண்டும். மூடியைத் தனியாகத் திறக்காதீர்கள், பிளம்பரோடு இன்னொரு ஆளும் இருக்கட்டும். திறந்ததும் விலகி நில்லுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. குனிந்து முகத்தை உள்ளே நீட்டவே கூடாது. தள்ளி நின்று டார்ச் அடித்து, வெளியேறும் குழாயின் வாயோடு நீர் மட்டத்தை ஒப்பிடுங்கள். மட்டம் அந்த வாய்க்குச் சரியாக இருந்தும் சேம்பர் தளும்பினால், நுழையும் இடத்தில் உள்ள ‘டீ’ குழாயில் ஏடு அடைத்திருக்கிறது. கழியால் மேலிருந்தே தள்ளிவிடலாம். மட்டம் வாய்க்கு மேலே ஏறி நின்றால் டேங்க் மேல் குற்றமில்லை. தண்ணீர் வெளியே போக வழியில்லை, அதாவது வெளிக்குழாய் அடைத்திருக்கிறது அல்லது உறிஞ்சு குழி குடிக்க மறுக்கிறது.

உங்கள் வீட்டில் இந்தக் கடைசி வகைதான் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. எப்போதாவது லாரி வந்து உறிஞ்சும்போது பக்கத்தில் நின்று அந்த வெளிக்குழாயையே பாருங்கள். டேங்கில் மட்டம் இறங்க இறங்க, குழாய் வழியாக உறிஞ்சு குழித் தண்ணீர் திரும்பி டேங்குக்குள் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டில் லாரி வந்து போனால் சில நாள் நிம்மதி, அப்புறம் அதே கதை. குழியைச் சுத்தம் செய்து ஜல்லியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுக் குழி போட வேண்டும்.

வேளச்சேரி: வருடம் முழுக்கப் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மட்டும் கழிவறை கொப்பளிக்கிறது. என்ன செய்யலாம்?

உங்கள் பக்கம் களிமண் பூமி, ஏரியைச் சுற்றி எழும்பிய ஊர். நல்ல மழையில் நிலத்தடி நீர் உறிஞ்சு குழியின் உயரத்துக்கே வந்துவிடும். ஏற்கனவே நனைந்த துணியால் தரையைத் துடைப்பது போலத்தான், மண்ணுக்குக் குடிக்க இடம் இருக்காது. இந்த நேரத்தில் லாரி வைத்து டேங்கைக் காலி செய்தால் சுற்றியுள்ள தண்ணீர் வெடிப்புகள் வழியாக மறுபடி நிரப்பிவிடும். ஃபைபர் டேங்க் என்றால் இன்னும் ஆபத்து. உள்ளே எடையில்லாமல் போனால் நிலத்தடி நீர் டேங்கையே மேலே தூக்கிவிடும், குழாய்கள் உடையும். கசடு எடுப்பதை ஆடி, ஆவணியிலேயே முடித்துவிடுங்கள்.

மழை நாட்களில் டேங்குக்குப் போகும் தண்ணீரைக் குறைப்பதுதான் ஒரே வழி. வாஷிங் மெஷினை மழை விட்டபின் ஓட்டுங்கள். ஆர்.ஓ. கழிவுநீர் டேங்குக்குள் போகிறதா என்று பாருங்கள், அதை வாளியில் பிடித்து வாசல் கழுவலாம். முக்கியமாக மொட்டை மாடிக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். சில வீடுகளில் கொத்தனார் கிட்டத்தில் இருந்த கழிவுநீர் சேம்பரிலேயே அதை இணைத்து வைத்திருப்பார். ஒரு மழையில் ஆயிரக்கணக்கான லிட்டர் டேங்குக்குள் பாய்ந்து கசடைக் கலக்கி உறிஞ்சு குழிக்குத் தள்ளும், குழி அடைபடுவதும் இப்படித்தான். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடித் தண்ணீர் அதற்கான தனிக் குழிக்குத்தான் போக வேண்டும், அந்தக் குழியும் கழிவுநீர்க் குழியை விட்டு விலகி இருக்க வேண்டும்.

மேடவாக்கம்: எங்கள் டேங்குக்கு 15 வருடமாக லாரியே கூப்பிட்டதில்லை. நல்ல டேங்க் என்று அர்த்தம்தானே?

இல்லை அம்மா, எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது. கசடு கொஞ்சம் கரையும், முழுக்கக் கரையாது. 15 வருடம் நிரம்பவில்லை என்றால் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அடியில் கான்கிரீட் போடாமல் உறை மட்டும் இறக்கிவிட்டு ‘செப்டிக் டேங்க்’ என்று கணக்குக் காட்டிய வேலை நம் பக்கம் நிறைய நடந்திருக்கிறது. திறந்து பார்க்கும்போது நீர் மட்டம் வெளிக்குழாய் வாய்க்குக் கீழே நின்றால் ஒழுகல் உறுதி.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நாற்பதுக்கு அறுபது என்று அளந்த ஒரு கிரவுண்ட் மனையின் நீளமே அவ்வளவுதான். அரை கிரவுண்டில் வீடும் போரும் குழியும் வைத்திருக்கும் தெருவில், உங்கள் குழி பக்கத்து வீட்டு போருக்குத்தான் அருகில் இருக்கும். போர்த் தண்ணீரைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

நன்மங்கலம்: பாக்டீரியா பவுடர் மாதாமாதம் போட்டால் லாரியே வேண்டாம் என்கிறார்களே? ஆசிட் ஊற்றலாமா?

பவுடர் தேவையில்லை. வேண்டிய கிருமிகள் கழிவிலேயே வருகின்றன. எந்தப் பவுடரும் கசடு எடுப்பதற்கு மாற்று ஆகாது. வாரம் ஒருமுறை கழிவறை கழுவும் அளவு பினாயிலால் கெடுதல் இல்லை. அடைப்பு எடுக்கிறேன் என்று ஆசிட்டைக் கேன் கேனாகக் கொட்டினால் உள்ளே இருக்கும் கிருமிகள் செத்துவிடும், சிமெண்டும் அரிக்கும்.

பெரும்பாக்கம்: எங்கள் சந்துக்குள் லாரி வராது. ஒருவர் தானே இறங்கி வாளியில் அள்ளித் தருவதாகச் சொல்கிறார். கூலியும் குறைவு. சம்மதிக்கலாமா?

கூடாது. அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், ‘எனக்குப் பழக்கம் சார்’ என்று சொன்னாலும் கூடாது.

டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் இரண்டும் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். கசடைக் கிளறும்போது மொத்தமாகக் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நொடிதான் உயிரை எடுக்கும் நொடி. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்தே இறப்பதை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டம் பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்த வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள், கூலிக்கு வந்த ஒரு மனிதர் நம் வாசலில் உயிரை விடுவதற்கு நாம் காரணமாக இருக்கலாமா?

கழிவுநீர் லாரிக்கான உதவி எண் 14420-க்குப் போன் செய்யுங்கள், சந்தின் அகலத்தையும் தெருமுனையிலிருந்து டேங்க் எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லுங்கள். லாரி முனையில் நின்று ஹோஸை நீட்டிப் போட்டு உறிஞ்ச முடியும், சின்ன வண்டிகளும் இருக்கின்றன. உரிமம் உள்ள வண்டியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று கேளுங்கள். பெருங்குடி மாதிரியான சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, அனுமதித்த பம்பிங் ஸ்டேஷனுக்கோதான் போக வேண்டும், ஏரிக்கரைக்கு அல்ல.

கோவிலம்பாக்கம்: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

இரண்டிலிருந்து மூன்று வருடம். ஆனால் டேங்கின் அளவைப் பொறுத்தது. இந்தியத் தர நிர்ணயப்படி 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீர் ஆழம் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய டேங்கில் மேலே இரண்டு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

நிச்சயமாகத் தெரிய, நீளக் கழியின் அடிப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மேலே நின்றபடியே மெதுவாகத் தரை தட்டும்வரை இறக்கச் சொல்லுங்கள். சில நிமிடம் வைத்து எடுத்தால் துண்டில் கசடு நின்ற உயரம் வரை கறுப்பாகப் பிடித்திருக்கும், அதற்கு மேல் வெளுப்பாக இருக்கும். நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கறுப்பு தொட்டால் லாரிக்குச் சொல்லலாம். எடுக்கும்போது சுரண்டிக் கழுவ வேண்டாம், அடியில் கொஞ்சம் இருந்தால்தான் கிருமிகள் மறுபடி பெருகும்.

கீழ்க்கட்டளை: சாயங்காலமானால் நாற்றமும் கொசுவும்.

டேங்கின் வாயு வெளியேறும் வென்ட் பைப் மொட்டை மாடிச் சுவருக்கு மேலே போகிறதா, அதன் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். க்யூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில்தான் தாராளமாக முட்டையிடும். மூடி விளிம்பில் விரிசல் இருந்தால் பூசுங்கள். ஆள் புழங்காத பாத்ரூமில், நாற்றத்தைத் தடுக்க டிராப்பில் நிற்கும் தண்ணீர் காய்ந்தாலும் நாற்றம் வரும், வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

உள்ளகரம்: பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்துவிட்டது. பழைய டேங்கை அப்படியே விடலாமா?

விடாதீர்கள். கழிவுநீர்க் குழாயை டேங்கைச் சுற்றி நேராக மெட்ரோவாட்டர் சேம்பருக்குக் கொண்டுபோக வேண்டும். டேங்கை லாரி வைத்து முழுக்கக் காலி செய்து மணல் போட்டு மூடிவிடுங்கள். மழைநீர்த் தொட்டியாக மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூவரசம்பட்டு: போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது டேங்க் மூடியும் அடியில் போய்விட்டது. உடைக்காமல் வழி உண்டா?

உடைத்துத்தான் ஆக வேண்டும். கழிவறைக் குழாய் எந்தத் திசையில் வெளியே வருகிறது, வென்ட் பைப் எங்கே எழும்புகிறது என்று பார்த்தால் டேங்க் இருக்கும் இடம் பிடிபடும். டேங்கில் இரண்டு அறை இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி மூடி வேண்டும். முதல் அறையை மட்டும் உறிஞ்சிவிட்டு லாரிக்காரர் கிளம்பிவிடக் கூடாது. டைல்ஸ் வேலை பாக்கி இருந்தால், டைல் பதிக்கிற இரும்புச் சட்ட மூடியாகக் கேட்டு வாங்குங்கள். கார் ஏறும் இடம் என்றால் அந்தப் பாரத்தைத் தாங்கும் மூடியாக இருக்கட்டும்.