ஐந்து நாளில் ஏழு ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் உச்சிப்புளிக்காரன். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை போகலாம் என்று இருக்கிறோம். நான்கு இரவு, ஐந்து பகல். அதற்குமேல் எனக்கு லீவு கிடைக்காது. நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. இதுதான் எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம்.

முதல் நாள் மதுரையில் விமானம் ஏறி கொழும்பு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவே கண்டி. இரண்டாம் நாள் கண்டியும் சிகிரியாவும். மூன்றாம் நாள் நுவரெலியா, எல்ல. மகளுக்கு அங்கே ரயிலில் போக ஆசை. நான்காம் நாள் திருகோணமலை. ஐந்தாம் நாள் யாழ்ப்பாணம் போய் நல்லூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கொழும்பு வந்து இரவு விமானம். மேப்பில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் இருக்கிறது. சரிவருமா அண்ணே?

அம்மா மட்டும் தலைமன்னார் பார்க்க முடியுமா என்று கேட்டார். தாத்தா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர், அந்த வழியாகத்தான் போய்வருவாராம். அங்கே ஒன்றும் இல்லையம்மா என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உச்சிப்புளி வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

சரிவராது. டிக்கெட் எடுக்குமுன் கேட்டீர்களே, அது நல்லதாகப் போயிற்று.

இலங்கை விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. தனுஷ்கோடியின் கோடியில் இருக்கிற அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நீங்கள் உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரம்கூட வராது. அங்கே நின்றால் சில சமயம் போனில் அந்த நாட்டு நெட்வொர்க்கே எட்டிப் பார்க்கும். அதனால் அந்த நாடே அடுத்த தெரு மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் இன்றைக்குப் போகிற வழி, கடலுக்கு முதுகைக் காட்டி மதுரைக்குப் போய்த்தான் ஆரம்பிக்கிறது.

உங்கள் முதல் நாளை மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம் இரண்டரை மணி நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில் இறங்கி பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டி எடுத்து, பணம் மாற்றி, சிம் போட்டு வெளியே வர ஒன்றரை மணி நேரம். கொழும்புக்குள் நுழையாமல் நேராகக் கண்டி போனாலே மூன்றரை மணி நேரம். மொத்தம் பதினொன்றரை. மகன் வாந்தி எடுப்பதற்கும், அம்மா இறங்கிக் காலை நீட்டி நிற்பதற்கும் இதில் ஒரு நிமிடம்கூடச் சேர்க்கவில்லை.

கடைசி நாள் இதைவிடக் கடினம். திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் நான்கைந்து மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். நல்லூர் வாசலில் எத்தனை நிமிடம் நிற்பீர்கள்? மலைப்பாதை இன்னொரு கணக்கு. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 110 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் போய்ப் பழகியவர்கள் நாம். அங்கே அந்த 80-க்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், அத்தனை வளைவு.

ஆக, போகிற நாளையும் வருகிற நாளையும் கழித்துவிடுங்கள். உங்கள் கையில் இருப்பது மூன்று நாள்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நாங்களும் கிட்டத்தட்ட இதே பட்டியலோடு போனோம். என் பெரியம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். சிகிரியா பாறைக்கு ஆயிரத்து இருநூறு படிக்கு மேல். பெரியம்மாவை வேனில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் ஏறினோம். இறங்கி வர மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வேனுக்குள் புழுக்கம் தாங்காமல் அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் மனைவியின் கைப்பை, காலடியில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள். வாங்கி வைத்திருந்த ஆரஞ்சுகளை உரித்து, ஈ மொய்க்காமல் முந்தானையால் மூடி வைத்திருந்தார். “மேல நல்லா இருந்துச்சாய்யா?” என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகள் கையில் சுளையைக் கொடுத்தார். அன்று இரவு திருகோணமலை போய்ச் சேர்வதற்குள் கோணேசர் கோயில் நடை சாத்திவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் கிளம்பியாக வேண்டும். பெரியம்மா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். அவர் கேட்டிருந்தது அந்த ஒரு கோயில்தான். இப்போது அவர் இல்லை.

அதனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசிப் பத்தியைத்தான். தலைமன்னாரில் ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒரு கலங்கரை விளக்கம், துருவேறி நிற்கிற பழைய இறங்குதுறை, ஒரு ரயில் நிலையம். அவ்வளவுதான். ஆனால் 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறினவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் மாறி அந்தத் துறையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. எண்பதுகளில்தான் அதுவும் நின்றது. நம் கரையில் எத்தனை வீடுகளில் அந்தக் கப்பல் பணத்தில் அடுப்பெரிந்திருக்கிறது! ராணி சோப்பு வாசனையோடு வந்து இறங்கும் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளில் உங்கள் அம்மாவும் ஒருவராக இருந்திருப்பார். அந்த ஊர்ப் பெயரை அவர் தன் அப்பா வாயால் கேட்டிருக்கிறார்.

கண்டி எங்கும் போய்விடாது. பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களே போவார்கள். இந்த முறை அம்மாவை மையமாக வைத்துத் திட்டம் போடுங்கள். நானாக இருந்தால் இப்படிப் போவேன்.

முதல் நாள் விமானம் இறங்கியதும் பக்கத்திலேயே நீர்கொழும்பில் தங்கிவிடுவேன். வேறு எங்கும் போக மாட்டேன். பிள்ளைகள் கடற்கரையில் விளையாடட்டும், அம்மா படுக்கட்டும். இரண்டாம் நாள் காலை சிலாபத்தில் முன்னேஸ்வரம் கும்பிட்டுவிட்டு, புத்தளம் வழியாக அநுராதபுரம். மதியம் ஓய்வு. ஸ்ரீ மகா போதி மரத்தையும் ருவன்வெலிசாய தூபியையும் வெயில் தாழ்ந்த பிறகு பாருங்கள். அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளை, நட்டு 2,200 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடம், மதியத்தில் தரை கொதிக்கும். அம்மாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் நாள். அநுராதபுரத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயிலில் போங்கள். போரில் அழிந்துபோன அந்தப் பாதையை இந்திய உதவியோடு திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் வந்தது. மதவாச்சியில் பிரிந்து, காடும் வயலும் தாண்டி, மன்னார் தீவுக்குள் நுழையும்போது இருபுறமும் தண்ணீர். மகளின் ரயில் ஆசையும் இதிலேயே தீர்ந்துவிடும். பாம்பனைப் பார்த்து வளர்கிற பெண், எதிர்க்கரையில் தீவுக்குள் போகிற இன்னொரு ரயிலைப் பார்க்கட்டும். ரயில் நேரத்தை முதல்நாள் ஸ்டேஷனிலேயே விசாரித்துவிடுங்கள். பெட்டிகளோடு வேன் ரோட்டில் வந்து சேரட்டும். அன்று இரவு மன்னாரில் தங்கல்.

நான்காம் நாள் காலை திருக்கேதீச்சரம். ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டு, கோணேசுவரமும் இதுவும். திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். பாலாவித் தீர்த்தக் கரையில் அம்மா வேண்டிய மட்டும் உட்காரட்டும். கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பிறகு நீர்கொழும்புக்குத் திரும்புங்கள், ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். நீண்ட நாள்தான், ஆனால் அன்று வேறு வேலை கிடையாது. கடைசி இரவு எப்போதும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்தை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் கடல் சரியில்லை என்றால் கப்பல் நின்றுவிடும், எண்ணி லீவு எடுத்தவர்களுக்கு ஆகாது. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் திரும்ப வரும் என்கிற பேச்சை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

காலாண்டு விடுமுறை நல்ல நேரம்தான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மழை வரும்போது மன்னார்ப் பக்கமும் நனையும். அதற்கு முன் போய்விடலாம். பௌர்ணமி அங்கே மாதாமாதம் போயா விடுமுறை. அநுராதபுரத்தில் அன்று கூட்டம் நெரியும், அந்த நாள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் ஐந்தும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். நம் ஆட்களுக்கு இன்ஷியலால்தான் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்தால் டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். பிள்ளைகளுடையது ஐந்து வருடம்தான் செல்லும். இலங்கைக்கான பயண அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். அந்த விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் அந்நாட்டு அரசின் தளத்தில் மட்டும் பாருங்கள். அம்மாவின் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். வேன் படி உயரமாக இருக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. அங்கே போய் இறங்கியதும் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தலைமன்னாரில் நிழல் குறைவு, அங்கேயும் அது உதவும். அந்தப் பக்கம் கடற்படை ஆட்கள் இருந்தால் போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இன்றைக்கே அம்மாவிடம் போய் உட்காருங்கள். தாத்தா எந்த வருடத்தில் போனார், கடை எந்தத் தெருவில், கப்பல் இறங்கி என்ன சாப்பிட்டார் என்று சொல்லியிருக்கிறாரா, எல்லாவற்றையும் கேளுங்கள். மகள் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அண்ணன்