தொழிலாளர்கள் இடதுசாரிக் கட்சிகளைவிட்டு விலகியது ஏன்?

மதமும் சாதியும் தொழிலாளியைச் செங்கொடியிடமிருந்து பிரித்துவிட்டன என்பதே இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். கோவையில் பஞ்சாலைத் தொழிலாளியின் மகனாக வளர்ந்த எனக்கு அது பாதிப் பதிலாகவே படுகிறது.

கம்யூனிஸ்ட் சங்கத்தைச் சேர்ந்த சின்னியம்பாளைய ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஊர் இது. 1957இல் பார்வதி கிருஷ்ணன், 1967இல் கே. ரமணி, 1971இல் கே. பாலதண்டாயுதம், 1977இல் மீண்டும் பார்வதி கிருஷ்ணன் எனக் கம்யூனிஸ்டுகளை இத்தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. கூட்டணி அன்றும் இருந்தது. ஆனால் ஆலை வாக்குகளைக் கட்சி தன் கையில் வைத்துக்கொண்டு கூட்டணிக்குப் போனது. ஷிப்ட் மாறும் நேரத்து ஆலை வாயிற்கூட்டம், சம்பள நாளில் வசூலாகும் சந்தா, தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சு, பி.எஃப். பணம் இழுபட்டால் சங்க அலுவலகத்தில் எழுதித் தரும் மனு ஆகியவற்றால்தான் அந்தப் பிடிப்பு உருவானது. எங்கள் தெருவில் மார்க்சைப் படித்துவிட்டு அரிவாள் சுத்தியலுக்கு வாக்களித்தவர் எவரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது வாயிலும் போயிற்று, வாயிற்கூட்டமும் போயிற்று. தொழிலாளியின் பிள்ளைகளில் பலர் நாலு லேத் போட்டு பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் எடுக்கும் சிறுமுதலாளிகள் ஆனார்கள். அவர்களுடைய கவலை மின்கட்டணமும் ஜி.எஸ்.டி.யும்தான். 1998 குண்டுவெடிப்புக்குப் பின் பாஜக இங்கே அடுத்தடுத்து இருமுறை வென்றதில் மதத்துக்குப் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சங்கம் விட்டுப்போன வெற்றிடம் அதற்கு முன்பே இருந்தது. 2004, 2009, 2019 தேர்தல்களில் இடதுசாரிகள் கோவையில் வென்றதை நான் கூட்டணிக் கணக்காகவே பார்க்கிறேன். 2024இல் மார்க்சிஸ்ட் கட்சி கோவையைத் திமுகவுக்கு விட்டுக்கொடுத்துத் திண்டுக்கல்லைப் பெற்றுக்கொள்ள முடிந்ததே அதற்குச் சான்று.

இன்று நூற்பாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து ஆலை விடுதிகளில் அடைபட்டிருக்கும் இளம்பெண்களும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களும்தான். விடுதிக்குள் சங்கத்தார் நுழைய முடியாது. நுழைந்து சேர்த்தாலும் அவர்களில் பலருக்கு வாக்கு சொந்த ஊரில்தான் இருக்கிறது. வாக்கு வராது என்று தெரிந்தே அவர்களுக்காக உழைக்கும் சங்கத் தோழர்கள் இப்போதும் உண்டு. கட்சித் தலைமை அந்த வேலைக்கு எவ்வளவு ஆளும் பணமும் ஒதுக்குகிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.