கோளின் காற்றும் தரையின் சூடும்: கேள்வி பதில்

கேள்வி: சூரியனுக்கு மிக அருகில் உள்ளது புதன். அதைவிட வெள்ளி சூடாக இருப்பது ஏன்?

பதில்: காற்று என்று சொல்லத்தக்க எதுவும் புதனில் இல்லை. பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை காயும் அதன் தரை, இரவில் வெப்பத்தை நேராக விண்வெளிக்கு விட்டுவிட்டு மைனஸ் 180 வரை குளிர்கிறது. வெள்ளியிலோ இரவு பகல் வேறுபாடின்றி ஏறத்தாழ 465 டிகிரி நிலவுகிறது. இத்தனைக்கும் அதன் மேகங்கள் சூரிய ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், ஒரு சதுர மீட்டருக்கு வெள்ளி உள்வாங்கும் ஆற்றல் பூமியைவிடக் குறைவே. ஆகவே, எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதோடு, அது எந்த உயரத்திலிருந்து வெளியேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளியின் தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிர்கள் கரியமில வாயுவால் மீண்டும் மீண்டும் உறிஞ்சப்பட்டு, பெரும்பாலும் 60 கிலோமீட்டருக்கு மேலே, குளிர்ந்த மேகப் பகுதியிலிருந்தே விண்வெளிக்குத் தப்புகின்றன. அங்கிருந்து இறங்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழெட்டு டிகிரி கூடிக்கொண்டே வருகிறது.

கேள்வி: அங்குள்ள காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு. அந்த அழுத்தமே சூட்டுக்குக் காரணம் ஆகாதா?

பதில்: ஆகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகும். சற்றுப் பொறுத்துத் தொட்டால், டியூபில் அழுத்தம் அப்படியே இருக்க, சூடு மட்டும் தணிந்திருக்கும். அழுத்தத்தின் பங்கு வேறு: அது வாயுக்கள் உறிஞ்சும் அலைநீளங்களின் பட்டைகளை அகலப்படுத்துவதால், வெப்பம் தப்பிச்செல்லும் இடைவெளிகள் குறுகுகின்றன.

கேள்வி: செவ்வாயின் காற்றிலும் 95 விழுக்காடு கரியமில வாயுதானே? பிறகு அது ஏன் குளிர்ந்து கிடக்கிறது?

பதில்: நல்ல கேள்வி, விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இது. செவ்வாயில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலுள்ள கரியமில வாயு, பூமியில் உள்ளதைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம். ஆயினும் அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாததால் உறிஞ்சும் பட்டைகள் ஒடுங்கிவிடுகின்றன. பட்டைகளுக்கு இடையிலான இடைவெளிகளை அடைக்கப் போதிய நீராவியும் இல்லை. வெப்பம் தரைக்கு அருகிலிருந்தே தப்பிவிடுவதால், சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

கேள்வி: வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இந்த வாயுப் போர்வை பூமிக்கு இல்லாவிட்டால்?

பதில்: இப்போதைய 15 டிகிரி சராசரிக்கு மாறாக மைனஸ் 18 என்பது வழக்கமான கணக்கு. அது மேகங்களின் ஒளித்திருப்பலை மாற்றாமல் போட்ட கணக்கு என்பதை நினைவில் கொள்க.

கேள்வி: காற்று மண்டலம் தரையைக் குளிர்விப்பதும் உண்டா?

பதில்: உண்டு. சனியின் துணைக்கோளான டைட்டனில், உயரத்தில் மிதக்கும் செம்மஞ்சள் புகைமூட்டம் சூரிய ஒளியைத் தானே உறிஞ்சி, அங்கிருந்தே விண்வெளிக்கு வெப்பமாக விட்டுவிடுகிறது. மீத்தேன் முதலிய வாயுக்கள் சுமார் 21 டிகிரி கூட்ட, இம்மூட்டம் அதில் 9 டிகிரியைக் குறைத்துவிடுகிறது.