மஞ்சள் எந்த இலையில்? – பயிர்ச்சத்து கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "பயிர் மஞ்சளாகுது, என்ன அடிக்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. எந்த இலை மஞ்சள், அடி இலையா கொழுந்தா என்று எழுதியிருப்பவர் ஒரே ஒருவர். அவருக்கே முதல் பதில்.

ஐயா, நிலக்கடலை 30 நாள் பயிர். கொழுந்து இலை வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நன்றாக இருக்கிறது. இரண்டு தடவை யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. செம்மண்தான், தோண்டினால் வெள்ளைக் கல் வரும். (காங்கேயம் பக்கம்)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. யூரியா தரும் தழைச்சத்து குறைந்தால் செடி அடி இலையிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பை அப்படி உருவ முடியாது. போன இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே பற்றாக்குறை கொழுந்தில் தெரிகிறது. உங்கள் கடலைக்கு வேண்டியது இரும்பு, யூரியா அல்ல.

செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் அந்த இரும்பு துரு மாதிரி, தண்ணீரில் கரையாதது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பி.எச்., அதாவது கார அமில அளவு, எட்டை ஒட்டிப் போய்விட்டால் கரைகிற கொஞ்ச நஞ்சமும் பூட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் வெள்ளைக் கல்லில் ஒன்றை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்றால், அதில் இருக்கும் பைகார்பனேட்டும் சேர்ந்து பூட்டை இறுக்கும்.

பத்து லிட்டர் டேங்க்குக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு அன்னபேதியைப் போடுங்கள். மாலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள், காற்றுப்பட்டுத் துருவாகிவிட்டது என்று அர்த்தம். கரைசலையும் மறுநாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். மண்ணில் போட 'செலேட்டட் இரும்பு' (பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு பொருள் கவ்விப் பிடித்திருக்கும் இரும்பு) என்று கடையில் கொடுத்தால் அது எந்த வகை என்று கேளுங்கள். இ.டி.டி.ஏ. வகை உங்கள் மாதிரிச் சுண்ணாம்பு மண்ணில் நிற்காது, சீக்கிரமே பிரிந்துவிடும். இ.டி.டி.எச்.ஏ. வகை நிற்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும். கடலைக்குத் தெளிப்பே போதும்.

பெருமழைக்குப் பிறகு இதே மாதிரி வெளுத்து, மண் ஆறியதும் தானாகப் பச்சை திரும்புவதும் உண்டு. அப்போது இரண்டு நாள் பொறுத்திருந்து பார்ப்பதே மருந்து.

இன்னொரு சங்கதி. புல் இனப் பயிர்கள் இரும்பை எடுக்க வேறு வழி வைத்திருக்கின்றன. வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, இரும்பைக் கவ்வி, அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் அந்தக் கசிவை 1976-ல் எடுத்துக் காட்டியவர் ஜப்பானின் தகாகி. பிறகு சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக விட்டுப் பார்த்தார்கள். மக்காச்சோளத்தை ஒட்டிய வரிசைகளில் கடலை பச்சையாக இருந்தது. அடுத்த பட்டத்தில் வயலின் ஒரு மூலையிலாவது வைத்துப் பாருங்கள்.

நெல் நடவு முடிந்து 20 நாள். வயல் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது, அடி இலையில் துருப் புள்ளி. ஜிங்க் போடச் சொன்னார்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்து வீசிவிடலாமா? (மன்னார்குடி)

கூடாது. ஏன் கூடாது என்பதை என் செலவில் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு விவசாயியின் வயலில், இரண்டு முறை தெளிப்பானேன், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று டி.ஏ.பி. ஊறவைத்த தண்ணீரில் ஜிங்க் சல்பேட்டைக் கொட்டிக் கலக்கினேன். நொடியில் டிரம் முழுக்க வெள்ளையாகத் திரண்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி, மோர் கடையிறீங்களா?" என்றார். வடிகட்டித் தெளித்தும் நாசில் அடைத்துக்கொண்டது. டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தும், ஜிங்க் என்கிற துத்தநாகமும் கட்டிப் பிடித்துக் கரையாத உப்பாகிவிட்டது. இரண்டு சத்துமே வீண். டிரம்மில் கண்ணெதிரே நடந்த அதே காரியம், நீங்கள் சேர்த்து வீசும்போது மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

உங்கள் பயிருக்குத் துத்தநாகப் பற்றாக்குறைதானா என்று பார்க்க இலையைப் பிரித்து, அது தண்டோடு சேரும் அடிப்பக்கம் பாருங்கள். நடு நரம்பு அடியில் வெளுத்திருந்து, இலைப் பரப்பில் துருப் புள்ளி சேர்ந்து கொண்டு வந்தால் அதுதான். வடக்கே இதற்குக் 'கைரா' என்று பெயர். வடக்கே பந்த் நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற விஞ்ஞானி, இது நோயல்ல, துத்தநாகக் குறை என்று 1966-ல் கண்டு சொன்னார். அதுவரை பூச்சி, பூஞ்சணம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதைக்குப் பத்து லிட்டருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கரைத்துத் தெளியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் இன்னொரு முறை. தெளிக்கும் முன் தண்ணீரை வடித்து வயலை இரண்டு மூன்று நாள் ஆறப்போட முடிந்தால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். தொடர்ந்து தேங்கிய நீரில்தான் துத்தநாகம் பூட்டிக்கொள்கிறது. அடுத்த போகத்துக்கு, கடைசிப் பரம்பு அடித்த பிறகு, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து மேலாகத் தூவி நடுங்கள். சேற்றில் மிதித்து ஆழத்தில் புதைக்க வேண்டாம். டி.ஏ.பி. தனி நாளில். களர் மண் இல்லையென்றால் ஒவ்வொரு போகத்துக்கும் ஜிங்க் போட வேண்டியதில்லை. போட்டது அடுத்த இரண்டு போகத்துக்காவது மண்ணில் நிற்கும்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் இரண்டில் எது சக்தி அதிகம்? இவற்றை மட்டும் அடித்து உரமே போடாமல் நெல் எடுக்க முடியுமா? (கொடுமுடி)

பஞ்சகவ்யத்தைப் பரப்பிய மருத்துவர் நடராஜன் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி. சரி, நேராகவே சொல்கிறேன்.

வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் பகுப்பாய்வில் பஞ்சகவ்யத்தின் தழைச்சத்து லிட்டருக்குக் கால் கிராம் கூட இல்லை. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் மூன்று சதம், அதாவது ஆறு லிட்டர் கலந்து தெளித்தால், பயிருக்குப் போகும் தழைச்சத்து ஒன்றரை கிராம். நெல் கேட்பது ஏக்கருக்கு அறுபது கிலோ. கணக்கு உதைக்கிறது இல்லையா?

ஆனால் பஞ்சகவ்யம் வேலை செய்கிறது. நானே பார்த்திருக்கிறேன். எப்படி என்றால், அதில் வளர்ச்சி ஊக்கிகள் இருக்கின்றன. ஆக்சின் வகையைச் சேர்ந்த ஐ.ஏ.ஏ. ஒன்று, ஜிப்ரலின் இன்னொன்று; இரண்டும் பத்து லட்சத்தில் சில பங்குதான். அவ்வளவே போதும், ஊக்கி என்பது அந்த அளவில்தான் பேசும். கூடவே நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். வேர் கிளைப்பது, பூ உதிராமல் நிற்பது இதிலெல்லாம் பலன் தெரியும். வேலைக்காரனை உசுப்பிவிடுவது வேறு, அவனுக்குச் சோறு போடுவது வேறு. சோறு, தொழுவுரமோ, பசுந்தாளோ, மூட்டை உரமோ, எதுவோ ஒன்றாக மண்ணில் இருக்க வேண்டும்.

'சக்தி அதிகம்' என்று பார்க்காதீர்கள். மீன் அமிலத்தில் அமினோ அமிலமாகத் தழைச்சத்து வருவதால் தழை வளரும் பருவத்துக்கு அது. பத்து லிட்டருக்கு 100 மில்லி போதும். பூக்கும் சமயத்தில் பஞ்சகவ்யம் 300 மில்லி, அல்லது தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது). பூ எடுக்கும் நேரத்தில் மீன் அமிலத்தை விடாமல் அடித்துக்கொண்டே போனால் செடி தழைக்கும், காய் பின்தங்கும். பஞ்சகவ்யத்தைப் பத்து சதம் அடித்து இலை கருகிவிட்டது என்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். ஊக்கி அளவு மீறினால் வளர்ச்சியை நிறுத்தும், உப்புத் தன்மையும் இலையைச் சுடும். வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். நெய் சரியாகக் கலக்காத பஞ்சகவ்யம் நாசிலுக்குச் சத்துரு.

கடையில் 'பயோ ஸ்டிமுலன்ட்' என்று கடல்பாசிச் சாறு பாட்டில் விற்கிறார்கள். நம்பலாமா?

பாசிச் சாறில் விஷயம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சர்காசம், கப்பாஃபைகஸ் சாறுகளில் சைட்டோகைனின் (செல் பெருகத் தூண்டுவது) போன்ற ஊக்கிகள் உண்டு. பாட்டிலை நம்புவதுதான் கேள்வி. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் இவற்றைக் கொண்டுவந்தது. என்ன பாசி, எத்தனை சதம், எந்தப் பயிருக்கு, தயாரிப்பு நாள், இவை லேபிளில் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். 'பூ, காய், எடை, நிறம், பூச்சி எதிர்ப்பு எல்லாம்' என்று போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

உளுந்துக்கு டி.ஏ.பி. தெளிப்பா, பயறு ஒண்டரா?

ஏதாவது ஒன்று. பயறு ஒண்டர் வேளாண் பல்கலைக்கழகத் தயாரிப்பு, அதில் சத்தும் ஊக்கியும் சேர்ந்தே இருக்கிறது; ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீர், பூக்கும்போது ஒரு முறை. அது கிடைக்கவில்லையென்றால் டி.ஏ.பி. 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும்.

தென்னையில் குருத்து விரியாமல் ஓலை நுனி ஒட்டிக்கொண்டு வருகிறது, குரும்பை கொட்டுகிறது. டானிக்கை வேரில் கட்டினால் சரியாகுமா? (பேராவூரணி)

ஒட்டிய நுனி, குட்டையான சுருங்கிய ஓலை என்றால் போரான் குறை. மரத்துக்கு 50 கிராம் வெங்காரம், அதாவது போராக்ஸ், வட்டப் பாத்தியில் தூவிக் கிளறித் தண்ணீர் விடுங்கள். இதில் கை தாராளம் கூடாது. மற்ற நுண்ணூட்டம் கொஞ்சம் கூடினால் பயிர் பொறுத்துக்கொள்ளும். போரானில் குறைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறுகல். அளவு மீறினால் முதிர்ந்த ஓலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து வரும். பலன் தெரியவில்லையே என்று அடுத்த மாதமே இன்னொரு கை போடாதீர்கள். தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ஓலைதான் விடும். ஏற்கெனவே கெட்டுப்போன ஓலை நிமிராது, இனி வரப்போகும் மூன்று நான்கு ஓலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

வேர் வழி டானிக் கட்டலாம், தவறில்லை. குரும்பை கொட்டுவதற்கு உதவும். வேளாண் பல்கலைக்கழக டானிக் என்றால் 40 மில்லியோடு 160 மில்லி தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பெரும்பாலோர் தவறுவது வேரைத் தேர்ந்தெடுப்பதில். மண்ணை மெல்லப் பறித்து, பென்சில் கனத்தில் செங்கல் நிறத்தில் இருக்கும் உயிர் வேரை எடுங்கள். கறுத்த வேர் கிழவேர், குடிக்காது. நுனியைச் சாய்வாகச் சீவி, பாலித்தீன் பையின் அடியைத் தொடும்படி விட்டு, வாயை நூலால் கட்டி மண்ணை மூடுங்கள். மறுநாளும் பை அப்படியே நிறைந்திருந்தால் வேறு வேர் பாருங்கள்.

மாடித் தோட்டத் தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது. கால்சியம் குறை என்றார்கள். முட்டை ஓட்டுத் தூள் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாயிற்று. (சென்னை)

குறை காயில்தான், தொட்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை. கால்சியம் தண்ணீரோடு மேலே போகிற பயணி. இலை நிறைய நீரை ஆவியாக்குவதால் கால்சியம் அங்கே போய்விடும். காயிலிருந்து ஆவியாவது சொற்பம், அதனால் காயின் கடைக்கோடிக்குக் கடைசியில்தான் வந்து சேரும். ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் வழிய வழிய ஊற்றினால் அந்தக் கடைக்கோடி பட்டினி. சென்னை வெயிலில் மொட்டை மாடிப் பைக்கு ஒரு வேளைக்குப் பதில் காலையும் மாலையும் அளவாக ஊற்றுங்கள், மேலே காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள்.

முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும், இந்தச் செடி அதற்குள் காய்த்து முடிந்துவிடும். இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்துப் பிஞ்சில் படும்படி வாரம் ஒரு முறை தெளிக்கலாம். பை முழுக்கத் தேங்காய்நார்க் கழிவுதான் என்றால் சந்தேகம் அதன் மேலும். சரியாகக் கழுவாத நார்க்கழிவில் சோடியமும் சாம்பல்சத்தும் நிறைய, கால்சியத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மண்ணும் மட்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். எப்சம் உப்பு வேண்டாம். அதில் இருக்கும் மக்னீசியம் கால்சியத்தோடு போட்டிபோடும். கறுத்த காயைப் பறித்து எறிந்துவிடுங்கள், அது தேறாது.

நுண்ணூட்டம் தெளிக்க எந்த நேரம் நல்லது?

மாலை நான்கு மணிக்கு மேல். துளி இலையில் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கிறதோ அவ்வளவு சத்து உள்ளே போகும். உச்சி வெயிலில் அடித்தால் தண்ணீர் பறந்து உப்பு மட்டும் இலையில் பூத்து நிற்கும். பூக்கும் பருவத்தில் காலையில் தேனீ வரும் என்பது இன்னொரு காரணம். இலையின் அடிப்புறமும் நனையட்டும்.

முருங்கைக் கீரைச் சாறு உண்மையிலேயே வளர்ச்சி ஊக்கியா?

ஆம். இளம் முருங்கை இலையில் ஜியாட்டின் என்ற சைட்டோகைனின் நல்ல அளவில் இருக்கிறது. கொழுந்து இலையை உருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து அரைத்து, துணியில் பிழிந்து, ஒரு பங்குச் சாறுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து அன்றைக்கே தெளித்துவிடுங்கள். இரவு தங்கினால் நாற்றம்தான் மிஞ்சும். கத்தரி, வெண்டை, கீரை எல்லாவற்றுக்கும் ஆகும். முதல் தடவை பாதிப் பாத்திக்கு மட்டும் அடித்து, மீதிப் பாதியைச் சும்மா விட்டு, இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். பிழிந்த சக்கையை ஆட்டுக்குப் போடுங்கள், ஒரு துளி விட்டுவைக்காது.